மெழுகு சுரண்டுகிறவள்

சனிக்கிழமை இரண்டு மணிக்கு மீன் ஆலை விடும்.
சால்மன் செதில் முழங்கையில் இன்னும் மின்ன
மழையோடு மழையாக மேடேறி வருவேன்.
சிலோயே தீவில் மழைக்கு நாள்கிழமை கிடையாது.
கோயில் சாவி, கதவோரச் சுவரில்
மூன்றாவது மரச்செதிலுக்குப் பின்னால்.
இங்கே சுவர்களுக்கும் மீனைப் போலச் செதில் உண்டு.
சாவி இருக்குமிடம் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

உள்ளே இருட்டு. நனைந்த மரத்தின் வாசனை,
பூனை மூத்திரம், போன ஆகஸ்டின் சாம்பிராணி.
பாதிரியார் படகில் வருவது ஆண்டுக்கு இரண்டு முறை.
மிச்ச நாள்களில் கடவுளுக்கு நாங்கள் துணை,
அல்லது எங்களுக்கு அவர்.
மழை வலுத்தால் எதுவென்று சொல்ல முடியாது.

என் வேலை மெழுகு.
பலகை இடுக்கில் சொட்டி உறைந்ததை
மொண்ணைக் கத்தியால்
மரத்துக்கு வலிக்காமல் சுரண்டி எடுப்பது.

ஏன் வருகிறாய் என்று யாராவது கேட்டிருந்தால்
முதல் வருஷத்துக்கு என்னிடம் பதில் இருந்தது:
ரெமிஹியோ தெற்கே படகில் போயிருந்தான்.
பதினோரு நாள் செய்தி இல்லை.
பேரம் பேசினேன். அவன் திரும்பினால்
தரை பளபளக்கும் என்றேன்.
திரும்பினான், இரண்டு விரல் குறைவாக.
நானும் தரையில் ஒரு மூலையை விட்டுவைத்தேன்.
கணக்கு கணக்குதானே.

இரண்டாம் வருஷம் நொல்ஃபா கார்க்கமோவுக்காக வந்தேன்.
அவள் வீட்டு ஜன்னல் கோயில் வாசலைப் பார்த்திருந்தது.
அவள் கண்ணில் பட்டால் படகுத்துறை முழுக்கப் பட்டமாதிரி.
வாளியைக் கொஞ்சம் சத்தமாகத்தான் வைப்பேன்.

மூன்றாம் வருஷத் திருவிழா முடிவில்
பாதிரியார் நன்றிப் பட்டியல் வாசித்தார்.
கூரைக்கு ஆணி கொடுத்தவர், ஆட்டுக்குட்டி கொடுத்தவர்,
அக்கார்டியன் வாசித்த பையன்கள் இருவர்,
உருளைக்கிழங்கு உரித்தவர்கள் பெயர்பெயராக.
நான் முக்காட்டைச் சரிசெய்து
அடக்கமான முகம் ஒன்றைத் தயாராக வைத்திருந்தேன்.
அதை அப்படியே வீட்டுக்குத் திருப்பி எடுத்துப்போனேன்.

ஐந்து சனிக்கிழமை போகவில்லை.
அடுப்போரம் உட்கார்ந்து மாத்தே உறிஞ்சினேன்.
மெழுகு ஏறட்டும், யாராவது வழுக்கி விழட்டும்,
அப்போது கேட்பார்கள், ஒத்தீலியா எங்கே என்று.
விழட்டும் என்று நினைத்தவள் நான்தான்.
இதைச் சொல்லும்போதும் காது சுடுகிறது.

ஆறாவது வாரம் போனேன்,
அழுக்கைப் பார்த்து மகிழ.

தரை சுத்தமாக இருந்தது.

மண்டியிட்டு விளக்கைத் தாழ்த்திப் பிடித்தேன்.
என் கத்திக் கீறல்கள் எல்லாம்
காற்றில் சாயும் புல்போல ஒரே பக்கம் சாய்ந்திருக்கும்.
இவை எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன.
புதியவை மட்டுமல்ல.
பழசாகிக் கறுத்தவையும் இருந்தன, என்னுடையவற்றுக்கு அடியில்,
வருஷக்கணக்காக,
நான் கணக்குக்கு விட்டுவைத்த அந்த மூலையிலும்.

யாரோ ஓர் இடக்கைக்காரர்.

அன்று சுரண்ட எதுவும் இல்லை.
வாளியை மெதுவாகவே வைத்து
பூனையின் மூலையைக் கழுவிவிட்டு வந்தேன்.

ஊரில் இடக்கையால் தூண்டில் வீசுகிறவர்கள் நான்கு பேர்.
மறுநாள் கடையில்
ரொட்டி எடுக்கும் கைகளையே பார்த்து நின்றேன்.
பிறகு கண்ணைத் திருப்பிக்கொண்டேன்.
தெரிந்துவிட்டால் நன்றி சொல்லிவிடுவேன்.
சொல்லிவிட்டால்
அவருக்கும் எதிரே ஒரு ஜன்னல் முளைத்துவிடும்.

இப்போதும் வருகிறேன்.
சுத்தமான மனதோடு என்று சொல்லமாட்டேன்.
கதவு கிரீச்சிட்டால் முதுகு தானாக நிமிர்கிறது,
யாராவது பார்க்கட்டுமே என்று.
காற்றுதான்.
நிமிர்ந்ததை மறுபடி வளைக்க
மெழுகைவிட அதிக நேரம் பிடிக்கிறது.

கிளம்பும்முன் கத்தியைத் துடைத்துக்
கடைசி பெஞ்சுக்கு அடியில் வைக்கிறேன்,
பிடி இடப்பக்கம் இருக்கும்படி.